சூடேறிய பெயரிங்

எங்கள் இழுவைப் படகில் எனக்கு ஒருநாளும் தொந்தரவு தராத சாமான், படகைத் தள்ளும் சுழலியின் தண்டைத் தாங்கும் பெயரிங்தான். அதற்குப் பம்பு தேவையில்லை. தண்டோடு சேர்ந்து சுற்றும் வட்டத்தகடு அடித்தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளி மேலே ஊற்றும். அந்த எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்தபடி தண்டு ஓடும். சூடாகி வடியும் எண்ணெயைத் தொட்டிக்குள் வளைந்து போகும் கடல்நீர்க் குழாய் ஆற்றிவிடும். அந்தக் குழாயின் வால்வைத்தான் நான் மூடினேன், ஐயா.

மாசி மாதம் என் தம்பி கஜீபன் கொட்டியாரக் குடாவில் எங்கள் படகிலிருந்து தவறி விழுந்தான். அப்போது ஒரு கப்பலை இழுத்துக்கொண்டிருந்தோம். கயிற்றைக் கழற்றிவிட்டுத் திருப்பும்படி கெஞ்சினேன். கப்டன் ஞானசேகரம் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"கப்பல் கயித்தில நிக்கேக்க திருப்ப ஏலாது. அது சட்டம்," என்றார்.

கட்டைபறிச்சான் ஊர் மீனவர்கள்தான் தம்பியின் உடலைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். செத்தவீட்டுக்கு வந்த கப்டன் கதிரையில் சாய்ந்திருந்து சோடா குடித்தார். அதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை.

அவருடைய மகன் தர்சன் என்னோடு எஞ்சின் அறையில் வேலை செய்தவன். மரியாதையான பிள்ளை.

இந்தச் சம்பவம் நடந்த அன்று, வேறொரு கப்பலைத் துறையில் விட்டுத் திரும்பும்போது வால்வை மூடிவிட்டுக் காத்திருந்தேன். சூட்டில் எண்ணெய் தண்ணீராய் இளகியது. படலம் அறுந்து உலோகம் உலோகத்தை உரசியது. புகை மணந்ததும், தண்டு ஓடும் இடுக்குக்குள் போய்ப் பார்த்துவரும்படி தர்சனை அனுப்பினேன். எண்ணெய் பற்றிக்கொண்டது. அந்த இடுக்கின் நீர்புகாக் கதவை இழுத்துப் பூட்டினேன். தீ என்றால் அந்தக் கதவை மூடவேண்டும், அதுவும் சட்டம்தான்.

உள்ளேயிருந்து தட்டினான்.

"அண்ணை, நான் உள்ளுக்க நிக்கிறன்."

கேட்டது. படகை நிறுத்திவிட்டுக் கப்டன் கீழே ஓடிவந்தார். அவரைத் தள்ளிவிட்டுக் கதவுக்குக் குறுக்கே நின்றேன். திறக்க ஏலாது என்று சொன்னேன். அவர் என் காலைப் பிடித்தார். தட்டுகிற சத்தம் ஓய்ந்த பிறகும் நான் விலகவில்லை. கடைவாய்ப்பல் ஒன்று உடைந்திருந்தது; அவ்வளவு இறுகக் கடித்திருக்கிறேன் போலும்.

தர்சனைக் கொன்றது நான்தான். இந்த வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்கிறேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் வெட்டிவிடுங்கள், ஐயா. எனக்கு ஒருவர் மீதும் கோபமில்லை.