மீட்டர் என்ன சொல்லுது?

— இப்ப என்ன காட்டுது, ரமோனா?

— நூத்தி அறுபது வாட். நேத்து எவ்வளவோ அவ்வளவேதான்.

— மறுபடியுமா? மணி பன்னெண்டு! இந்த அரிசோனா வெயில்ல நீங்க குடியிருக்கிற இந்த வண்டிக் கூரையில ஒரு முட்டையை வச்சா, பொரிஞ்சு, குஞ்சாகி, நிழல் தேடி நடந்தே போயிடும். பழசு ரெண்டு, புதுசு ரெண்டு, ஆக நாலு சோலார் பேனல். குறைஞ்சது முன்னூறு காட்டணுமே.

— டெல்பர்ட், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக் குடுத்தவ நான். நூத்தி அறுபதை நூத்தி அறுபதுன்னுதான் வாசிப்பேன். நீங்க புதுசா மாட்டின ரெண்டும் தூங்குது.

— தூங்குமா? அலாஸ்காவுல, மாசக்கணக்கா சூரியனே எட்டிப் பாக்காத ஊர்ல, நிலா வெளிச்சத்தை வச்சே மரம் அறுக்குற மில்லு ஒண்ணை ஓட்டினவன் நான்!

— போன வாரம் அது மாவு மில்லா இருந்துச்சு.

— ரெண்டும் ஒரே கட்டடம். சரி, நான் உள்ள வந்து மீட்டரைப் பாத்துரட்டுமா?

— ஐயோ, வேண்டாம்! உள்ளாடையெல்லாம் காயப் போட்டிருக்கேன்.

— அப்ப வரல, வரல. இங்க கூரைமேலேயே இருக்கேன்.

— இருங்க. நூறு வண்டி நின்ன மைதானம். எல்லாரும் வெயிலுக்குப் பயந்து வடக்க போயாச்சு. இப்ப உங்க வண்டியும் என் வண்டியும்தான். மொண்டானாவுல இருந்து தங்கச்சி தினம் போன் பண்றா. அவ நிலத்துல கரண்ட் லைன் கிடையாது. இது சரியானாத்தான் நான் கிளம்பவே முடியும்.

— சரியாயிட்டா எப்ப கிளம்புவீங்க?

— மறுநாளே. என்ன, மேல சத்தத்தையே காணோம்? விழுந்துட்டீங்களா?

— விழல. ஒண்ணு சொல்லணும். கோவத்துல ஏணியை மட்டும் எடுத்துராதீங்க.

— சொல்லுங்க.

— முதல் நாள் அந்த ரெண்டு பேனலையும் ஏசிப் பெட்டி நிழல் விழுற இடமாப் பாத்து மாட்டினேன். தெரியாம இல்ல, தெரிஞ்சேதான். வேலை முடிஞ்சா நீங்க போயிடுவீங்களேன்னு.

— ம்.

— அப்புறம் மனசு கேக்கல. திங்கக்கிழமை கழட்டி, நல்ல வெயில்ல மாத்தி மாட்டிட்டேன். பழைய ஓட்டையெல்லாம் பசை வச்சு அடைச்சாச்சு. ஆனா அதுக்கப்புறமும் ஏன் ஏறலைன்னு சத்தியமா எனக்குத் தெரியல, ரமோனா. என் கைவசம் இருந்த வித்தை மொத்தமும் தீந்துபோச்சு. டவுன்ல இதுக்குன்னே படிச்சவன் ஒருத்தன் இருக்கான். காலைல கூட்டிட்டு வரேன். சாயங்காலம் நீங்க கிளம்பிரலாம்.

— அந்த அலாஸ்கா மில்லு?

— அங்க நான் சமையக்காரன்.

— இறங்குங்க. மெதுவா, உங்க முட்டி கடகடன்னு போடுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. பூட்ஸைத் துடைச்சுட்டு உள்ள வாங்க.

— உள்ளயா? துணி காயுதுன்னீங்களே?

— ஒரு துணியும் காயல. சோளரொட்டி சூடா இருக்கு. வாங்க. அந்த அலமாரியைத் திறந்து, மீட்டரை நீங்களே வாசிங்க.

— முன்னூத்தி... முன்னூத்தி முப்பது! ரமோனா, ஏறிருச்சு! இப்பத்தான் ஏறியிருக்கு!

— திங்கக்கிழமையில இருந்து அதேதான் காட்டுது. உக்காருங்க.