தேய்ந்த விரலும் ஸ்மார்ட் போர்டும்

தேய்ந்த விரலை ஸ்மார்ட் போர்டு மதிக்காது, அப்படிப்பட்ட ஆசிரியரைப் பயிற்சியிலிருந்தே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஐம்பத்து மூன்று வயதில் நான் நம்பினேன். நம்ப வைத்தவர்கள், புதுக்கோட்டை போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த இரண்டு அரசுப் பள்ளி டீச்சர்கள். மூவருக்கும் ஒரே பயிற்சி. நான் பின்னால் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"ரேஷன் கடை மெசின்லயே என் ரேகை விழலங்க டீச்சர். சாக்பீஸ் பிடிச்சே தேஞ்சு போச்சு. இன்னைக்கு எல்லாரு முன்னாடியும் நான்தான் பாடம் நடத்திக் காட்டணுமாம். போர்டு மட்டும் என்னைய மதிக்குமா? வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிருவாங்க." என்றார் ஜன்னலோரத்து டீச்சர்.

"வெரலு ஆகலைன்னா மூக்கால தொடுங்க."

"கிண்டல் பண்ணாதீங்க. கனவுல போர்டு பூரா தண்ணி. எழுத எழுத எழுத்தெல்லாம் முங்கிப் போகுது. பிள்ளைக சிரிக்கக்கூட இல்ல, பாவமாப் பாக்குதுக."

"ரெண்டு மீன வரைஞ்சு விட்டிருக்கலாம்ல?"

அன்னவாசல் தாண்டிப் பாறைகள் ஒவ்வொன்றாக மிதந்து பின்னால் போயின. நான் என் ஆள்காட்டி விரலை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ரேகை மேகம்போலக் கலைந்து கிடந்தது. சட்டைப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பழகிக்கொண்டே வந்தேன். புதுக்கோட்டை வருவதற்குள் பொத்தான் கையோடு வந்துவிட்டது.

பயிற்சி அறையில் ஸ்மார்ட் போர்டை ஆன் செய்தார்கள். ஜன்னலோரத்து டீச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் போய்ச் சேருவதற்குள் சுவரிலிருந்த பல்லி ஒன்று திரையின் குறுக்கே ஓடியது. அதன் பின்னாலேயே நீலமாக ஒரு கோடு விழுந்தது. அடுத்து டீச்சர் தொட்டார். அவருக்கும் விழுந்தது.