நுஹாத்தை விரட்டும் காட்சி

— மறுபடியுமா, முக்தார்? மறுபடியும் நுஹாத்த உக்காரச் சொல்லிட்டீங்களா?

— மெதுவாப் பேசு, உம் கலீம். கூடத்துல எல்லாரும் இருக்காங்க.

— இருக்கட்டுமே. என் மகன் கலீம் பொறந்த வீடு இது; என் கூடம், என் அடுப்படி. பெய்ரூட்டுலேருந்து படக்காரங்க வந்து என் சோபாவையெல்லாம் கொல்லைப்பக்கம் தள்ளுனாங்க. ஒரு வார்த்தை கேட்டேனா? எனக்கெதுக்கு ஊர் வம்பு! சரி, என்னதான் ஆச்சு, சொல்லுங்க.

— நீதான் கதவு இடுக்குல பாத்துக்கிட்டு இருந்தியே.

— பாதிதான் தெரிஞ்சுது. லைட்டுக்காரன் முதுகு மறைச்சிடுச்சு.

— சட்டப்படி பாத்தா தப்பு என் மேல இல்ல, கதை மேல. படத்துல நான் தேர்தல்ல நிக்கிறேன். என்னை எதிர்த்து நிக்கிற பயல என் பொண்ணு காதலிக்கிறா. நுஹாத் என் பொண்டாட்டியா நடிக்கிறா. அவளும் அந்தப் பயலுக்கே ஓட்டுப் போட்டுட்டு வந்து நிக்கிறா. ‘என் வீட்ட விட்டு வெளியே போ’ன்னு நான் கத்தணும்.

— கத்த வேண்டியதுதானே?

— கத்தத்தான் வாயத் திறக்கறேன். அவ பெட்டியோட வாசல்ல நிக்கிறா. வாசல்ல ஒருத்தர் கிளம்பி நின்னா நம்ம வாய் என்ன சொல்லிப் பழகியிருக்கு? ‘அதுக்குள்ள என்ன அவசரம், இப்பத்தானே வந்தீங்க, ஒரு காபி குடிச்சிட்டு…’

— கடைசித் தடவை அத்திப்பழ ஜாம் வேற கொண்டாரச் சொன்னீங்க. கேமராக்காரன் சிரிச்ச சிரிப்புல கேமராவே குலுங்குச்சு.

— முக்தார்னா ஊர்த்தலைவன்; பிறப்பு, இறப்புன்னு எல்லாத்துக்கும் இந்த ஊர்ல முத்திரை குத்தறவன் நான். எனக்கு ஓட்டுப் போடாதவனக் கூட ‘போ’ன்னு சொன்னதில்ல.

— போன மாசம் பால்காரன் ஷக்கீபத் துரத்துனீங்களே! தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

— அவன் வேற.

— ஆமா, அவன் நுஹாத் இல்ல.

— உம் கலீம்!

— நான் ஒண்ணும் சொல்லல. ஆனா டைரக்டர் பேசுனது சும்மா காதுல விழுந்துச்சு. இன்னொரு தடவை சொதப்பினா கசாப்புக் கடை இலியாஸைக் கூப்பிடப் போறாராம்.

— ஞாயித்துக்கிழமை நிஜத் தேர்தல்ல என்னை எதிர்த்து நிக்கிறானே, அந்த இலியாஸா?

— அவனேதான். கத்தறதுக்கு அவனுக்குச் சொல்லியா தரணும்? அப்புறம் பொண்ணு கல்யாணக் காட்சி இருக்குல்ல, நுஹாத் பக்கத்துல புருஷனா மீசைய முறுக்கிக்கிட்டு உக்காருவான்.

— தேர்தல்ல அவனே ஜெயிக்கட்டும். முத்திரைய நானே அவன் கையில குடுத்துடறேன். இத மட்டும் குடுக்க மாட்டேன்.

— எத?

— அந்த… வேஷத்த.

— கன்னி மாதாவே! உங்க பொண்டாட்டி கண்ண மூடுனதுலேருந்து இந்த மூஞ்சியில இப்படி ரத்தம் ஓடி நான் பாத்ததில்லையே! வந்த மாப்பிள்ளை எல்லாரையும் வேண்டாம்னு சொன்ன தையக்காரி நுஹாத் மேலயா ஆசை? இந்த ஊர்ல எனக்குத் தெரியாம ஒரு விஷயமா!

— யார்கிட்டயும் மூச்சு விடாத.

— நானா? விடுவேனா? நுஹாத்! அடியே நுஹாத்! கொஞ்சம் அடுப்படிக்கு வா!

— ஐயோ, உனக்குப் புண்ணியமாப் போகும்…

— என்னக்கா? முக்தார், ஏன் இப்படி வேர்த்திருக்கு உங்களுக்கு?

— அடுப்புச் சூடு.

— உன்ன விரட்ட அவருக்கு வாய் வரலியாம்டி. ஏன்னு கேளு.

— கேக்கணுமாக்கா? அதே கோட்டுல அதே பட்டன் பிஞ்சு போச்சுன்னு மாசாமாசம் என் கடைக்கு வர்றாரு. நான் போட்ட தையல் தானாப் பிரியாது.

— சட்டப்படி பாத்தா, அந்த நூலோட தரம்…

— டைரக்டர் கூப்பிடறாரு, முக்தார். தைரியமாக் கத்துங்க. இது உம் கலீம் வீடு, இங்கேருந்து போனா எனக்கென்ன? உங்க வீட்டுக்கு என்னை வாழ வரச் சொல்லுங்க. அப்புறம் ‘வெளியே போ’ன்னு சொல்லிப் பாருங்க, நான் போறேனான்னு.