புகை வராத வீடு

காலணிகளைக் கழற்ற வேண்டாம். தரையை எப்படியும் நான் துடைக்கத்தான் போகிறேன். நீங்கள் படமெடுக்க வந்த, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் அதோ, சன்னலுக்கு மேலே. முன்பு அந்த வேலையைச் செய்த எண்ணெய் உலையும் தொட்டியும் இருந்த இடம் கீழே நிலவறையில். மானியத்துக்கு வேண்டியதெல்லாம் விதிப்படி சரியாக இருக்கும்.

சுவரில் சாயம் வெளுக்காத அந்தச் சதுரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே விறகடுப்பு இருந்தது. எண்ணெய் உலையைத்தானே எடுக்கச் சொன்னோம், விறகடுப்பு இருந்திருக்கலாமே என்கிறீர்கள். தெரியும். விதிகளை நான் முழுவதும் படித்தேன். என் அண்ணன் அல்சீத்துதான் படிக்கவில்லை. நான் படித்துச் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டார்.

இந்தச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் எழுந்தவுடன் எதிர்வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்பார்கள். புகை வந்தால் உள்ளே ஆள் நலம். வராவிட்டால் காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்கள். அண்ணனின் புகையைப் பார்த்துவந்தவள் எதிர்வீட்டு ஸெலீ. நான் மூன்று மணி நேரம் தள்ளி மாங்டன் நகரத்தில் இருந்தேன்.

நான் இங்கே வந்திருந்த ஒரு ஞாயிறு மதியம் ஸெலீ பன்றிக்கறி பொதிந்த உருளைக்கிழங்கு உருண்டைகள் கொண்டுவந்தாள். அண்ணன் வாய் நிறைய மென்றபடி சொன்னார்: "டேய் எவாரிஸ்த், இந்த வீடு என் புகையைப் பாக்குறவளுக்குத்தான். நீ மாங்டன்ல ஒக்காந்துக்கிட்டு எதைப் பாப்ப?" பிறகு அவளிடம், "அவனுக்கு இன்னும் ஒரு உருண்டை வை. மூஞ்சி தொங்கிப்போச்சு பாரு" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். உயில் எதுவும் அவர் இன்னும் எழுதியிருக்கவில்லை. உருண்டை நன்றாகவே இருந்தது.

அடுத்த கோடையில் உங்கள் மானியத் திட்டம் வந்தது. எண்ணெய் உலையை விட்டொழிக்கும் ஏழை முதியவருக்கு இயந்திரம் இலவசம். "ஓசின்னா சவப்பெட்டியக்கூட வாங்கி மாடியில போட்டு வெக்கலாம்னு அப்பா சொல்வாருடா" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். விறகடுப்பையும் எடுத்தால்தான் மானியம் என்றேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்தார். "சரி, விதின்னா விதி." அதைக் கொண்டுபோக ஆள் வரும் முன், அவரே கரி போகத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார்.

ஸெலீக்குத்தான் பிடிக்கவில்லை. "இனிமே நான் எதைப் பாத்து நீ இருக்கேன்னு தெரிஞ்சுக்கறது? இந்தப் பொட்டி மூச்சே விட மாட்டேங்குதே?"

"பாத்தது போதும், ஊரு ஏற்கெனவே ஒரு மாதிரி பேசுது" என்றார் அண்ணன். நாளடைவில் அவளும் பழகிக்கொண்டாள். புகை வராத புகைபோக்கியை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

ரிமோட்டின் பொத்தான்கள் அவரைக் குழப்பின. அதை நான் எடுத்துக்கொண்டு, இயந்திரத்தை என் கைபேசியோடு இணைத்தேன். மாங்டனிலிருந்தே கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்பதும் தெரியும்.

ஜனவரியில் வளைகுடா உறைந்த வாரத்தில் நிறுத்தினேன். அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டேய், பொட்டி நின்னுபோச்சுடா."

"வெளிய படிஞ்ச பனியை உருக்குதுண்ணே. அப்பப்ப அப்படித்தான் நிக்கும். பொறுங்க."

இயந்திரம் அப்படிச் செய்யும் என்பது உண்மைதான். சில நிமிடங்கள் செய்யும். அது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நடுநடுவே கொஞ்சம் ஓடவிட்டேன். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கூப்பிட்டுச் சொன்னார். குரலில் அத்தனை மகிழ்ச்சி. பிறகு மறுபடியும் நிறுத்தினேன்.

மறுநாள் அவருக்கு நாக்கு சரியாகப் புரளவில்லை. "கரண்டுல சூடாகுற பழைய கணப்பு ஒண்ணு கெடக்கு. சொருகட்டுமா?"

"வேணாம்ணே. வேற எதுல சூடு பண்ணாலும் கண்டுபிடிச்சுடுவாங்க. மானியத்தைத் திருப்பிக் கேப்பாங்க."

"அப்ப ஸெலீ வீட்டுக்குப் போகவா?"

"போங்க. ஓசிப் பொட்டி செத்துப்போச்சுன்னு நீங்களே அவகிட்ட சொல்லுங்க."

"வேணாம். சிரிப்பா" என்றார். பிறகு, "நீ சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை உருண்டைகளோடு வந்த ஸெலீதான் விறைத்துப்போயிருந்த அவரைப் பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோட்டுகள் போட்டிருந்தார். மின்கணப்பு மடியில் இருந்தது. அதன் ஒயர் சுற்றி முடிச்சிட்டபடியே இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்பவர்.

தம்பி கண்டுகொள்ளவே இல்லை என்று ஊரில் பேசுகிறார்கள். அதில் நியாயமில்லை. அந்த நாட்களில் கைபேசியை நான் கீழே வைக்கவே இல்லை. பதினொன்று, ஆறு, நான்கு என்று ஒவ்வொரு டிகிரியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸெலீ ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பார்க்கிறவருக்குத்தான் வீடு என்று சொன்னவர் அவர்தான்.

வீட்டையும் நான் கவனிக்காமல் விடவில்லை. நீங்களே நிலவறையில் இறங்கிப் பாருங்கள், ஒரு சொட்டுக் கசிவு இருக்காது. இரண்டு டிகிரிக்குக் கீழே மட்டும் நான் இறங்கவிடவே இல்லை. அதற்கும் கீழே போனால் தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்துவிடும்.