என் கையில்தான் கொடுத்தாள்

எனக்கு முழங்கால் வலி, ஐயா. உங்கள் விசாரணைக்கு உட்கார்ந்தே பதில் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயருக்குத்தான் குழந்தைகள் நல அதிகாரி. மாடிப்படி ஏறுவதென்றால் எனக்கு ஆகவே ஆகாது.

பிரசவ வார்டில் என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். அங்கே பிள்ளைகளுக்கெல்லாம் நான் பெரியம்மா.

"பெரியம்மா, பாப்பாவப் பாக்கவா வந்தீங்க? எனக்குன்னு யாருமே வரமாட்டாங்கன்னு நெனச்சேன். இந்தாங்க, தூக்குங்க."

அவளே கொடுத்தாள். பறித்தேன் என்று சொல்கிறார்கள், அது பொய்.

குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடிக்க அவளுக்குத் தெரியவில்லை. என் மகனை முதன்முதலில் தூக்கியபோது நான் கிட்டத்தட்டத் தலைகீழாகப் பிடித்தேன். மாமியார் போட்ட சத்தத்தில் பக்கத்து வீடே கூடிவிட்டது. அன்றைக்கு என் பிள்ளையை யாரும் கொண்டுபோகவில்லை என்பது வேறு விஷயம்.

உடனடி ஆபத்து இருந்ததா என்கிறீர்கள். இல்லை. சட்டம் எனக்கும் தெரியும், புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த வகுப்பை எடுப்பதே நான்தான். பெரிய ஆபத்து இருந்தாலொழியப் பச்சைக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது, முதலில் வேறு உதவி செய்து பார்க்க வேண்டும், பெற்றவர்களைக் கேட்க வேண்டும். அருமையாகச் சொல்வேன். அவள் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்தான். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

புருஷன் வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தான். "அவர் வந்துடட்டுமே மேடம்" என்றாள் நர்ஸ். வந்தால் தரமாட்டான். அதனால், "கொஞ்சம் வெயில் காட்டிட்டு வரேன்" என்று எழுந்தேன். அந்தப் பெண் குழந்தையின் குல்லாவை இழுத்துவிட்டு, "சீக்கிரம் வந்துடுங்க பெரியம்மா, அதுக்குப் பசிக்கும்" என்றாள்.

காரணம் கேட்டீர்கள். பெற்ற தாயின் முகத்தையே பார்க்காமல் வளர்ந்தவளுக்குப் பிள்ளை வளர்க்க எப்படித் தெரியும்? ஏன் பார்க்கவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். பிறந்த அன்றே அவளையும் நான்தான் தூக்கி வந்தேன். அப்போது முழங்கால் நன்றாக இருந்தது.

பாவமாகத்தான் இருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை. என் உடம்புக்கு அது நல்லது என்று டாக்டர் சொல்வார்.

அந்தக் குழந்தை இப்போது எங்கள் இல்லத்தில் சௌக்கியமாக இருக்கிறது. திருப்பிக் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுகிறேன். ஆனால் உங்கள் விசாரணை முடிவதற்குள் அதற்குப் பேச்சு வந்துவிடும், ஐயா. அதுவும் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும்.