பீரோ வெறுமையாகப் போகக் கூடாது

டீ நன்றாக இருக்கிறது, மேடம். காலையிலிருந்து தொண்டை நனையவில்லை. டம்ளர் எந்தப் பெட்டியில் கிடக்கிறதென்று எனக்கே தெரியாது. நான் கட்டிவைத்தபோது தெரிந்துதான் இருந்தது. பிறகு வீரணன் அண்ணன் அந்தப் பெட்டியைப் பிரித்து, டம்ளரையெல்லாம் சாமி படத்தோடு சேர்த்துக் கட்டினார். கட்டிவிட்டு, சாமி படத்தோடு எச்சில் டம்ளரை வைத்தது யார் என்று என்னையே கேட்டார்.

அவர் என் நாத்தனார் தங்கப்பொண்ணுவின் புருஷன். எங்கள் வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறி எடுத்தால் நல்லி எலும்பு அவர் தட்டுக்குத்தான். அவர் முகம் கோணினால் சொந்தபந்தத்தில் ஒரு காதுகுத்துக்குக்கூட நாங்கள் தலைகாட்ட முடியாது. போன சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க வேண்டுமென்று அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அழகர் மலைக்குத் திரும்பிப் போய்விட்டார். இவர் போகவில்லை. திருப்பூரில் இருக்கும் தங்கப்பொண்ணுவிடம் போனில் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் மதினி, இங்க இப்பத்தான் கொஞ்சம் நிம்மதியா இருக்கு" என்றாள். நான் அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அண்ணனிடம் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. குடி இல்லை, பீடி சிகரெட் இல்லை. யோசனை சொல்வார், அவ்வளவுதான். தெருவில் பல் விளக்குகிறவனுக்கும் சொல்வார். எங்கள் வீட்டில் இருந்ததே ஒற்றை அறை. அதில் அவர் படுத்துக்கொண்டார். பிளஸ் டூ படிக்கும் என் மகள் பவதாரிணி அடுப்படியில் கேஸ் சிலிண்டர்மேல் புத்தகத்தை வைத்துப் படித்தாள். அதற்கும் வந்து நின்று, வெளிச்சம் இடது பக்கமிருந்து வர வேண்டும் என்று யோசனை சொன்னார். மேலூரில் இந்த வாடகை வீட்டைப் பிடித்ததே மாடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது என்பதற்காகத்தான். அவளுக்கென்று ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள். பிள்ளை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

போன வாரம் சணல் கயிற்றை முடிந்துகொண்டே அண்ணன் சொன்னார். "தங்கச்சி, மேலூர்ல அந்த மாடி ரூமு எனக்கு. காத்து நல்லா வரும். பாப்பா கீழயே படிக்கட்டும், அதுக்கு அடுப்படி பழகிப்போச்சுல்ல."

என் வீட்டுக்காரர் மருது கயிற்றையே பார்த்துக்கொண்டு, "சரிங்க மாப்ள" என்றார். அவர் வேறென்ன சொல்வார், பாவம். வீட்டு மாப்பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல அவர் வம்சத்தில் யாருக்கும் வாய் வந்ததில்லை. பவதாரிணி கட்டிவைத்த புத்தகங்களை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது, மேடம். அதை நான் மறைக்கவில்லை.

இன்று காலை அப்பனும் மகளும் புத்தகக் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, புது வீட்டில் பால் காய்ச்ச முன்னால் போய்விட்டார்கள். சாமானை ஏற்றிவிட்டு நான் லாரியில் வருவதாக ஏற்பாடு. சுமை தூக்க வந்த கருப்பு அண்ணனுக்கும் அவர் ஆட்களுக்கும் வீரணன் அண்ணன் நாலா பக்கமிருந்தும் கட்டளை போட்டார். மாடிப்படியிலிருந்து, லாரிக்கு அடியிலிருந்து, ஒரு தடவை பாத்ரூமிலிருந்தும் போட்டார். குரல் எங்கிருந்து வருகிறதென்று நிமிர்ந்து பார்ப்பதை அவர்கள் சீக்கிரமே விட்டுவிட்டார்கள்.

கடைசியாக பீரோ. தட்டுகளைக் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான், கழற்றியவரும் அவர்தான். உள்ளே துரு பிடித்திருக்கிறதா பார்க்கிறேன் என்று தானாகவே ஏறி நின்றார். "டார்ச்ச அடி தங்கச்சி" என்றார். டார்ச் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்திப் பூட்டினேன்.

"என்னக்கா பீரோ இம்புட்டுக் கனமா இருக்கு?" என்று கருப்பு அண்ணன் கேட்டார்.

"பட்டுச் சேலை அண்ணே" என்றேன்.

படியில் இறக்கும்போது, "மெதுவா, மெதுவா, இடது பக்கம் ஒடி" என்று சத்தம் வந்தது. அவர்களும் இடது பக்கம் ஒடித்தார்கள். சுவரில் ஒரு கீறல் விழவில்லை. "கதவத் தொறங்கய்யா" என்றும் கேட்டது. கருப்பு அண்ணன் லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

புது வீட்டுக்கு பீரோ வெறுமையாகப் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். உப்பு, மஞ்சள் என்று மங்கலமாக ஏதாவது வைத்துத்தான் ஏற்றுவோம். வீட்டு மாப்பிள்ளையைவிட மங்கலமானது என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

வழியில் உங்கள் ஏட்டையா வண்டியை மறித்துத் தார்ப்பாயைத் தூக்கினார். "அந்தப் பக்கம் முடிச்ச அவுங்க சார், இந்தப் பக்கம் சிக்கும்" என்று பீரோவுக்குள்ளிருந்து யோசனை வந்தது. ஏட்டையா வெலவெலத்துப்போனார். அண்ணன் வாயை மூடிக்கொண்டிருந்தால் மேலூர் வரைக்கும் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பார்.

அவருக்கு ஒரு குறையும் இல்லை. வேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போதுகூட வெளியே உட்கார்ந்து, என்மேல் புகாரை எப்படி எழுத வேண்டுமென்று ரைட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். செத்தாலும் இனி எங்கள் வாசலை மிதிக்க மாட்டாராம். இன்றைக்கே திருப்பூர் பஸ் ஏறுகிறாராம். கேட்டு மனசு கஷ்டப்பட்டது. பவதாரிணியும் போன் செய்தாள். மாடி அறையில் புத்தகத்தை அடுக்கிவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாளாம். நன்றாக விழுகிறதாம்.

திட்டம் போட்டுச் செய்ததா என்று கேட்டீர்கள். சத்தியமாக இல்லை, மேடம். ஒரு நொடிக் கோபம், கை தானாகப் போய்விட்டது. பீரோவின் பின்பக்கத்து ஓட்டைகளைப் பார்த்து நீங்கள் வீணாகச் சந்தேகப்படுகிறீர்கள். அவை துணிக்குக் காற்று வர நேற்றுப் போட்டவை. பட்டறைக்காரர் டிரில் மிஷினை வீட்டுக்கே கொண்டுவந்தார். அண்ணன்தான் பக்கத்தில் நின்று, இன்னும் ரெண்டு சேர்த்துப் போடச் சொன்னார். எந்த உயரத்தில் என்று பட்டறைக்காரர் கேட்டார். எனக்கு இந்த இஞ்சு, அடிக்கணக்கெல்லாம் தெரியாது. அண்ணன் மூக்கு உயரத்துக்கு என்றேன். அண்ணனும் பீரோவை ஒட்டி விறைப்பாக நின்று, மூக்கைத் தொட்டுக் காட்டினார்.