ஏழாவது தானியம்

இந்த ஆய்வுக்கூடத்தில் எந்திரத்தைவிடத் துல்லியமானவன் நான். அதற்கு ஆண்டுக்கு இரண்டு முறை அளவுத்திருத்தம் வேண்டும். எனக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் குறித்துக்கொள்வது நல்லது.

கரியோ எலும்போ, அதில் மிஞ்சியிருக்கும் கார்பனை அளந்து வயது சொல்வது எங்கள் வேலை. இயக்குநருக்கு நான் வைத்த பெயர் 'இன்னொருதடவை'. அவர் நினைத்த வயது வராவிட்டால், "இன்னொரு தடவை ஓட்டிப் பாருப்பா" என்பார். பிடித்த எண் வந்ததும் மற்ற தாள்கள் குப்பைக்குப் போகும். இதை நடித்துக்காட்டிக் கேண்டீனையே சிரிக்கவைத்திருக்கிறேன்.

அகழாய்வு அக்கா பதினோரு வருடம் மண்ணைக் கிளறி, கருகிய ஏழு தானியங்களைக் கொண்டுவந்தார். அளப்பது என்றால் எரிப்பது. "தம்பி, ஒண்ணையாச்சும் திருப்பிக் குடுத்துடு. நான் கண்டெடுத்தேன்னு காட்ட வேற ஒண்ணுமில்ல," என்றார். சரி என்றேன்.

முதல் தானியம் சொன்னது இரண்டாயிரத்து நானூறு ஆண்டு, கூடக்குறைய முப்பது. மூவாயிரம் என்றால்தான் செய்தித்தாளில் வருமாம். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஆறும் புகையாயின. ஆறும் ஒரே பேச்சுதான் பேசின. ஏழாவதைக் காப்பாற்ற ஒரு வழிதான் இருந்தது.

பென்சில் முனை கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய கார்பன். பல் குத்தும் குச்சி நேற்றைய மரம். அளவாகக் கலந்தால் இடையில் எந்த வயதும் கிடைக்கும். ஏழாவதுக்குப் பதிலாக அந்தக் கலவையை எரித்தேன்; மூவாயிரத்துப் பத்து கிடைத்தது.

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல," என்று இயக்குநர் தோளில் தட்டினார். ஏழாவது தானியத்தைத் திரும்ப வாங்கிப்போன அக்கா, அந்த எண்ணை நம்பிப் புத்தகமே எழுதினார்.

அதன்பிறகு எந்த மாதிரியையும் வீணாக எரிக்க எனக்கு மனம் வரவில்லை. மாதிரி அப்படியே திரும்பி வந்தது என்று பலர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். ஸ்டோர்காரர் மட்டும், "ஏன்யா, பென்சிலத் திங்கிறியா?" என்றார்.

"இல்லண்ணே, ஆராய்ச்சி."

ஏழாவதை அக்கா வேறு கூடத்தில் எரித்துப் பார்த்திருக்கிறார். இரண்டாயிரத்து நானூறாம். நான் உயிர்ப்பிச்சை கொடுத்த தானியம் அது. புத்தகத்தை அவர் திரும்பப் பெறுகிறார் என்று கேள்விப்பட்டேன். வருத்தம்தான்.

இப்படி எத்தனை மாதிரிகள் என்று கேட்கிறீர்கள். நேர்மையாக எண்ணினேன். நாற்பத்தொன்று வந்தது, சரியாகப் படவில்லை. திரும்ப எண்ணினேன், முப்பத்தெட்டு. மூன்றாவது முறை ஒன்று வந்தது.

ஒன்று என்றே எழுதிக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு தாள்களையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.